சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த இறக்கை

எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொதுவாக ஒரு சின்ன விமானம் உண்டு. இரண்டு பேர் உட்காரும் மைக்ரோலைட். அதன் இறக்கையும் வாலும் முழுக்கத் துணிதான். பழைய துணி வெயிலில் நைந்துபோனதால், கூடுவாஞ்சேரியில் ஒரு லேஅவுட்டின் கடைசி மனையில் தகர ஷெட் போட்டு நாங்களே புதுத் துணி ஒட்டினோம். துணியின் மேல் டோப் என்ற பூச்சு அடித்தால் அது விறைத்து நிற்கும். அதற்கு மேல் அலுமினியத் தூள் கலந்த சில்வர். வெயில் துணியில் இறங்காமல் காப்பது அதுதான். கடைசியில் கலர்.

வாலுக்கு நானே சில்வர் அடித்து முடித்தேன். இறக்கைக்கு அடிக்க வேண்டிய சமயத்தில் ஆபீஸ் வேலையாக நான் வெளியூர் போக நேர்ந்தது. திரும்பி வந்தபோது மச்சான் மஞ்சள் கலர் வரை முடித்திருந்தான். நான் இல்லாத நாளெல்லாம் மழை என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள். ஈரக்காற்றில் டோப் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். இவன் எப்படி முடித்தான்?

சில்வர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது.

"நிறைய மிஞ்சியிருக்கே மச்சான்?"

"மெலிசா அடிச்சேன் மாமா. இல்லைன்னா வெயிட் ஏறிடும்."

பதில் சரிதான். ஆனால் அதைச் சொல்லும்போது, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பிரே கன்னைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடது இறக்கையின் மேல்பக்கம் சுவரைப் பார்த்திருந்தது. திருப்பலாமா என்றேன். கலர் இன்னும் காயவில்லை என்றான். அவன் அந்தப் பக்கம் போனதும் ஓரத்தைத் தொட்டேன். விரலில் ஒட்டவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அவனும் அதுலதானே பறக்கப் போறான்? ஏமாத்துவானா?"

"ஏமாத்துறான்னு சொல்லலை."

"வேற என்னதான் சொல்றீங்க?"

அதன்பின் பழைய விஷயங்களும் உறுத்தின. பெட்ரோல் ஹோஸை மாற்றிவிட்டேன் என்றானே, நான் பார்த்தேனா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நீள ஒயரில் எல்.இ.டி. பல்பு ஒன்றை மாட்டி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவன் அங்கேதான் இருந்தான். பல்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"செக் பண்ணப் போறது இறக்கையையா மாமா, என்னையா?"

"இறக்கையை."

ஷட்டரை இறக்கி, அடிப்பக்கத்துச் சின்னத் துவாரம் வழியாகப் பல்பை உள்ளே விட்டேன். சில்வர் சரியாக இருந்தால் வெளிச்சம் வெளியே வராது. வலது இறக்கை இருட்டாகவே இருந்தது. இடதைத் திருப்ப அவனும் கை கொடுத்தான். இறக்கை விமானத்தோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சளாக ஒளிர்ந்தது.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "அங்க பூத்துடுச்சு. தேய்ச்சேன், சில்வரும் சேர்ந்து போயிடுச்சு. திரும்ப அடிக்க மழை விடலை. அப்புறம் கொஞ்ச நேரம் மழை விட்டப்ப மேல கலரை மட்டும் அடிச்சு மூடிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"மழையில யார் அடிக்கச் சொன்னதுன்னு கேப்பீங்க. அதை அக்கா முன்னாடியும் கேப்பீங்க."

கேட்டிருப்பேன்தான்.

"தேய்ச்சதுல நூல் அறுந்துச்சா?"

"தெரியலை மாமா."

அந்த வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. தின்னரால் கலரைத் துடைத்துப் பார்த்தோம். நூல் பிசிறியிருந்தது. அந்த இடத்துக்கு மேல் புதுத் துணி ஒட்டி, நல்ல வெயில் நாளாகப் பார்த்து டோப்பும் சில்வரும் அடித்தோம். காய்ந்தபின் மறுபடி பல்பை விட்டேன். வெளிச்சம் வரவில்லை.

நிம்மதியாக ஒயரைச் சுருட்டப் போனேன். அவன் கையை நீட்டினான்.

"வால் பக்கம் நீங்க அடிச்சதுதானே? அதையும் பாத்துடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. பல்பைக் கொடுத்தேன். வால் இருட்டாகத்தான் இருந்தது. அவன் குனிந்து இரண்டாம் முறையும் பார்த்தான்.

இப்போது சேர்ந்துதான் பறக்கிறோம். கிளம்புமுன் நான் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். நான் முடித்தபின் அவன் முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவன் பார்த்து முடிக்கும்வரை நான் ஏறுவதில்லை.