பதினொரு தும்பிகளின் ஊர்

விலங்கியலில் பட்டம் முடித்து, அரச நியமனத்துக்குக் காத்திருந்த மூன்றாவது வருடத்தில் எனக்கு அந்த ஆறு மாத வேலை கிடைத்தது. வேலை தந்தது ஐரோப்பாவிலுள்ள ஓர் அருங்காட்சியகம். ஆனால் நான் எங்கும் போகத் தேவையில்லை. கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த மேசையிலிருந்தே செய்யலாம்.

ஊசியில் குத்தி வைத்த பழைய பூச்சிகளை அங்கே படம் பிடித்து அனுப்புவார்கள். ஒவ்வொரு ஊசியிலும் நகத்தளவு காகித லேபிளில், யாரோ எப்போதோ எழுதிய ஊரும் நாளும் இருக்கும். அதை வாசித்துத் தட்டச்சு செய்து, அந்த ஊரை வரைபடத்தில் தேடிப் புள்ளி வைக்க வேண்டும். எந்த உயிர் எங்கே இருந்தது, இப்போது எங்கே இல்லை என்று ஆராய்கிறவர்களுக்கு அந்தப் புள்ளிகள்தான் ஆதாரம்.

வேலை பிடித்திருந்தது. ஒரே இடத்தில் இருப்பதுதான் பிடிக்கவில்லை. காலையில் ஜாவாவில் இருப்பேன், பகல் சாப்பாட்டுக்கு முன் மடகஸ்காருக்குப் போய்விடுவேன், ஆனால் நாள் முழுக்க வீட்டு கேற்றைத் தாண்டியிருக்க மாட்டேன். பத்து லேபிளுக்கு ஒரு தடவை எழும்பி குசினிக்குப் போவேன். பானை மூடியைத் திறந்து பார்ப்பேன், ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டு வருவேன்.

"உனக்கு என்ன வந்த? கால்ல சக்கரம் பூட்டினாப்போல திரியிறாய்" என்றார் உம்மா. "இருந்து செய்யிற வேலைதானே?"

"ஓம் உம்மா. அந்த இருக்கிறதுதான் ஏலாம இரிக்கி."

பக்கத்து வீட்டார் கேட்டால், "செத்த பூச்சிகளப் படத்தில பாத்து எழுதுறா" என்று உம்மா சொல்வார். பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல் வரும்.

மூன்றாவது மாதம் இலங்கைப் பெட்டிகள் வந்தன. கண்டி, பேராதனை, திருகோணமலை என்று புள்ளிகள் விழுந்துகொண்டே போயின. மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் நடுவில், எங்கள் ஊர் இருக்கும் கரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. நூறு வருடத்துக்கு முன் வலையோடு திரிந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கும் எங்கள் கரையில் ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லையா? வேலையை விட்டுவிட்டு வரைபடத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதுமாக இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு தும்பிகள் வந்தன. எல்லா லேபிளிலும் ஒரே மையில், ஆங்கில எழுத்தில் ஒரே ஊர்ப்பெயர்: கரதிவு. அதன் கீழே ஒரு நாள். வேறொன்றும் இல்லை.

காரைதீவு! எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். நான் பதினொன்றுக்கும் அங்கே புள்ளி வைத்தேன். வேறு ஊராக இருக்குமோ என்று தேடிப் பார்ப்பதுதான் விதி. நான் தேடவில்லை. எங்கள் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி அடுத்த காணொளிக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி, உள்ளூர் ஆள் ஒருவர் இருப்பதன் பயன் இதுதான் என்றார். அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த வாப்பாவை மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னேன். வாப்பா சாகாமத்துப் பக்கம் வேளாண்மை செய்கிறவர். இந்த வட்டாரத்து வாய்க்கால்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். காரைதீவுக்கு மேற்கே வயல் தொடங்கும் இடத்தில் என்னை இறக்கிவிட்டார். நான் வரம்பில் குனிந்து குனிந்து தொலைபேசியில் படம் எடுத்தேன். தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் மண்வெட்டியோடு எங்களிடம் வந்தார்.

"என்ன காக்கா, காணி அளக்கவா வந்திருக்கீங்க?" வாப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாலும் குரலில் சிரிப்பு இல்லை.

"இல்ல தம்பி" என்றார் வாப்பா. "மகள் தும்பி பாக்க வந்திரிக்கா."

"தும்பியா?"

"நூறு வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளக்காரன் இஞ்சதான் தும்பி புடிச்சவனாம்."

அவர் என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "அப்ப அந்த மதகடிக்குப் போங்க தங்கச்சி. செவத்தத் தும்பி கனக்கக் கிடக்கு."

கிடந்தன. நாணல் நுனியில், கம்பியில், வாப்பாவின் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில்கூட ஒன்று. அன்று வீடு திரும்பும்போது, பல மாதங்களுக்குப் பிறகு என் கால்கள் சும்மா இருந்தன.

அது பத்து நாள் நீடித்தது. பிறகு அந்தத் தும்பிகளைப் பிடித்த ஆளின் இன்னொரு பெட்டி வந்தது. அதே மை, அதே சாய்ந்த எழுத்து. ஒரு வண்டின் லேபிளில் புத்தளம் என்று இருந்தது. நாள், என் தும்பிகளுக்கு முந்தின நாள். இன்னொன்றில் கற்பிட்டி. அது தும்பிகளுக்கு அடுத்த நாள்.

நான் எழும்பி குசினிக்குப் போனேன். வந்தேன். மறுபடி போனேன். மாட்டு வண்டிக் காலத்தில் ஒருவர் புத்தளத்திலிருந்து ஒரே நாளில் எங்கள் கரைக்கு வந்து, பதினொரு தும்பி பிடித்து, மறுநாள் கற்பிட்டிக்குப் போயிருக்க முடியாது. வரைபடத்தில் தேடினேன். புத்தளத்துக்கு வடக்கே கடலோரமாக ஒரு காரைதீவு இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஊருக்கும் முன்பு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. முதல் நாளே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கக் கூடியது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு மனம். இன்னொரு மனம் விடவில்லை. யாரோ ஒரு மாணவர் அந்தப் பதினொரு புள்ளிகளை நம்பி, இந்த இனம் கிழக்குக் கரையிலும் இருந்தது என்று எழுதிவிடுவார். மூன்றாம் நாள் கூட்டத்தில், மற்றவர்கள் போன பிறகு, பொறுப்பாளரிடம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தன் திரையில் லேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "முதலில் ஏன் அந்த ஊர் என்று முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டார்.

பெயர் ஒன்றுபோல இருந்தது என்று சொல்லியிருக்கலாம். "எங்கள் ஊருக்குப் பக்கம் என்பதால்" என்றேன். "அங்கே இருக்கவேண்டும் என்று விரும்பினேன்."

"சரி. திருத்திவிட்டு, எதை வைத்துத் திருத்தினீர்கள் என்று குறிப்பில் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவருக்கு அது உதவும்" என்றார்.

திருத்தினேன். பதினொரு புள்ளிகளும் தீவின் மறு கரைக்குப் போயின. அன்று பின்னேரம் வாப்பாவிடம் சொன்னேன். அவர் வயலிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மனிசன் இஞ்சால வரவே இல்லயா?"

"இல்ல வாப்பா."

"வேற ஒருத்தரும்?"

"தெரியா. வந்திருந்தாலும் நான் பாத்த பெட்டியள்ல இல்ல."

வாப்பா இன்னொரு வாளி தண்ணீரை இழுத்தார். "நாம அந்த மனிசனுக்குப் பொய் சொல்லிட்டமே மகள்" என்றார். மண்வெட்டிக்காரரைத்தான் சொல்கிறார் என்று எனக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது வாப்பா அவரைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறார்.

ஆறு மாதம் முடிந்தது. வேலையை நீடிக்கப் பணம் இல்லை என்று பொறுப்பாளர் எழுதினார். நன்றாகச் செய்தீர்கள் என்றும் எழுதியிருந்தார். அதை மூன்று தரம் வாசித்தேன். அடுத்த நாள் பகல், பழக்கத்தில் மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தேன். என் கணக்கு மூடப்பட்டிருந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் கடற்கரைக்கு நடந்தேன். தோணிகளின் நிழலில் நாய்கள் மட்டும் படுத்திருந்தன.

தொலைபேசி அடித்தது. "எங்க நிக்காய்?" என்றார் உம்மா.

"கடற்கரயில."

"இந்த வெயிலுக்குள்ளயா? அங்க என்ன செய்யிறாய்?"

"சும்மாதான் உம்மா. நடக்கிறன்" என்று சொல்லிவிட்டு, காரைதீவு இருக்கும் தெற்குப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தேன்.