விழுந்த மாடு

மகாதேவிக்கு எதற்கெடுத்தாலும் சீவன்தான். தேத்தண்ணியில் சாயம் குறைந்தால் அதிலே சீவனில்லை. வெங்காயத் தறையில் ஈரம் ஏறினால் மண்ணுக்குச் சீவன் வந்துவிட்டது. வெயிலில் சந்தைக்குப் போய்வந்தால், "ஐயோ, என்ரை சீவன் போச்சு" என்று கதிரையில் விழுவாள். உடனேயே எழும்பி உலை வைப்பாள். போகாத சீவனை இத்தனை தடவை வழியனுப்பிய மனுசி புத்தூரில் வேறு இல்லை.

புருசன் நாகலிங்கத்தைப் பாரிசவாதம் விழுத்தியபோது மட்டும் அவள் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. நாள் முழுக்கத் தோட்டத்தில் நின்ற மனுசன் ஒரு பக்கம் கைகால் வழங்காமல் யன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவள் கரண்டியால் கஞ்சி பருக்குவாள். யன்னலுக்கு வெளியே மாட்டுக்கொட்டில்.

வினை அந்தக் கொட்டிலிலேதான் வந்தது. கன்று போட்ட பசு படுத்தது படுத்ததுதான். மிருகவைத்தியர் ஊசி போட்டார். அயலவர்கள் வயிற்றுக்குக் கீழே சாக்குக் கொடுத்துத் தூக்கினார்கள். கையை விட்டதும் கால் மடிந்தது. யாழ்ப்பாணத்தில் வேலைசெய்யும் மகள் துஷாந்தினி லீவில் வந்து பார்த்தாள்.

"இது இனி எழும்பாதம்மா. என்னத்துக்குச் சும்மா தீன் போட்டுக்கொண்டு? இறைச்சித் தரகரிட்டைக் குடுத்துவிடுவம்."

பிள்ளை மாட்டைத்தான் சொன்னாள். யன்னல் திறந்து கிடந்ததை யோசிக்கவில்லை. அன்று மத்தியானம் கஞ்சி வந்தபோது நாகலிங்கம் வாயை இறுக்கிக்கொண்டார். இரவும் அப்படியே. இரண்டு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். மகாதேவி திறந்து கிடந்த யன்னலைப் பார்த்தாள்.

விடிந்ததும் தரகர் வந்துவிட்டார். துஷாந்தினி போன் பண்ணியிருந்தாள்.

"அக்கா, சீவன் போகமுதல் தந்தால்தான் எனக்கும் உதவும்."

"சீவன் கிடக்குதெல்லோ?" மகாதேவி போட்ட சத்தத்தில் அடுத்த வளவு நாய் குரைத்தது. "கிடக்கிற மட்டும் தீன் போடுறது என்ரை வேலை. எழும்பினாலென்ன, எழும்பாட்டிலென்ன? நீர் நடையைக் கட்டும்!"

பாதி தரகருக்கு, பாதி யன்னலுக்கு. துஷாந்தினிக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்துப்போய்ப் புல்லுப் பிடுங்கப் போனாள். மகாதேவி பசுவைப் பக்கம் மாற்றிக் கிடத்தினாள். படுக்கைப் புண்ணைச் சுடுதண்ணீரால் கழுவினாள். நாகலிங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். கஞ்சிக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் விடியற்காலை பசு செத்துப்போனது. பின்வளவு வேம்படியில் குழி வெட்டித் தாட்டார்கள். இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும். மகாதேவி முழுகிவிட்டுக் கஞ்சியோடு வந்தாள்.

"வித்... தனியோ?" நாகலிங்கத்தின் நாக்குப் புரளவில்லை.

"இல்லை. தாட்டாச்சு."

"எழும்... பேல்லை."

"ஓம், எழும்பேல்லை. விடியமுன்னமும் என்ரை கையாலை தண்ணி குடிச்சவள்."

அவர் கொட்டில் பக்கம் பார்த்தார். கன்று தனியே நின்றது. பிறகு அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். கஞ்சி கொஞ்சம் ஆறிப்போயிருந்தது. குடித்தார்.