ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள்

மல்லியும் இஞ்சியும் கொதிக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டு அடுப்பில் அம்மா "மல்லித்தண்ணி" வைத்தால், அக்கா நாளைக்கு எங்கோ பாடப்போகிறாள், இன்று முழுவதும் பேசமாட்டாள் என்று அர்த்தம். ஒபெராப் பாட்டை முறையாகப் படித்து முடித்திருந்த அவள், தொண்டைக்கு ஓய்வு கொடுக்கும் அந்த நாட்களில் வேண்டியதையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதித்தான் கேட்பாள்.

எனக்குப் பதினொரு வயதாயிருந்த குளிர்காலத்தில், ஓர் ஒபெரா அரங்கு அவளைப் பாடிக்காட்ட அழைத்தது. தேறினால் நிரந்தர வேலை. இரண்டு வருடமாக அவள் ஏங்கிக் காத்திருந்த அழைப்பு. செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி. முதல்நாள்தான் அம்மா தமிழ்க்கடை நாட்காட்டியைப் பார்த்தார்.

"மூண்டரை ராகுகாலமெல்லோ. அந்த நேரத்திலை போய்ப் பாட ஏலாது பிள்ளை."

அம்மா அழத் தொடங்கியதும் அக்கா எழுதி என்னிடம் நீட்டினாள்: "ஐஞ்சு மணிக்கு மாத்தேலுமோ எண்டு கேள்." வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் அம்மாவுக்கு "டெர்மின்", அதாவது சந்திக்க நேரம், எடுப்பது எப்போதும் நான்தான் என்பதால் இது எனக்குப் புதிய வேலையில்லை. தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லி ஏதோ இசையைப் போட்டார்கள், அது முடிகிற மாதிரித் தெரியவில்லை, முன்னறையில் என் கார்ட்டூன் தொடங்கிவிட்டது. வைத்துவிட்டேன்.

"ஓம், ஐஞ்சு மணிக்கு வரட்டாம்" என்றேன்.

மறுநாள் மூவரும் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கப் போய் நின்றபோது, தேர்வாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நேரத்தை மாற்றச் சொல்லி யாரும் பேசவில்லை என்றாள் வரவேற்பில் இருந்த பெண். அக்கா என் தோளில் கை வைத்து, என் தங்கை பொய் சொல்லமாட்டாள் என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். ஒருநாள் முழுக்கக் காத்து வைத்திருந்த குரலில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன்பின் அவள் எந்தத் தேர்வுக்கும் போகவில்லை. பாட்டுத் தாள்கள் நிலவறையில் ஈரம் பிடித்துப் போயின. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். அங்கேகூட அவள் முணுமுணுத்துப் பாடியதை யாரும் கேட்டதில்லையாம். சொல்லிவிட வேண்டுமென்று எத்தனையோ முறை போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். வெட்கங்கெட்டவள் நான்.

நேற்றும் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "என்ரை தமிழ்ப் பேரைப் பாத்திட்டுத்தான் அந்த ஒபெராக்காரர் அப்பிடிச் செய்தவை. பாவம், சின்னப்பிள்ளை உன்னையும் பொய்க்காரி ஆக்கிப்போட்டினம்."

ஓம் என்றேன்.