ஒரு நாள் எழும், மறுநாள் எழாது

கொச்சங்காடியில் ஒரு மிளகு கோடவுனின் ஆபீஸ் அறையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தபோது, அதே கோடவுனில் என் அப்பா மூட்டை சுமக்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். அதற்கு மேல் பாலிடெக்னிக்கும் போனேன். மூட்டையோடு ஆபீஸைக் கடக்கும்போதெல்லாம் அப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். பார்த்தால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அங்கிருந்த பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்தான் என் வேலை. எந்த லாரியில் எத்தனை மூட்டை, எங்கே போகிறது என்று அடித்துக் காகிதம் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் டிரைவரின் கைக்கு வராமல் லாரி கிளம்பாது. வந்து ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி பிறந்தது, இங்கே கேரளத்தில் அதைத் துலாம் மாதம் என்பார்கள், கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் எப்போதும்போல விசிறி சுற்றும், திரை வெளிச்சமாகும். மறுநாள் அழுத்தினால் விளக்கும் எரியாது, சத்தமும் வராது. விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் விசிறி ஒரு முறை நடுங்கிவிட்டு நிற்கும். முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி தானாக எழுந்துகொள்ளும். அதற்கப்புறம் சாயந்திரம்வரை ஒரு கோளாறும் இருக்காது. சர்வீஸ் செய்கிறவர் ஒருவர் கடைக்கு எடுத்துக்கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கொழப்பமும் இல்லையல்லோ" என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அவர் போன மூன்றாம் நாள் மறுபடியும் எழவில்லை.

மேனேஜர் சேட்டன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மழைக் காலம், கடல் பக்கம், சுவரெல்லாம் ஈரம், ஆகவே உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து தலைமுடி காயவைக்கிற டிரையரைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் பிடித்தார். கால் மணி நேரத்தில் அது எழுந்துவிட்டது. பிறகு யார் வேறு காரணம் சொன்னாலும் எடுபடுமா? எனக்கும் அது சரியென்றே பட்டது. காலையில் போனதும் டிரையரோடு உட்காருவது என் வேலையாயிற்று.

வெளியே காகிதத்துக்காகக் காத்திருக்கும், மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. கேரளத்துக்காரர்கள் எங்களைப் போன்ற தமிழர்களை அண்ணாச்சி என்பார்கள். கோடவுனில் அப்பாவுக்கும் அதுதான் பெயர்.

"அண்ணாச்சி, உன் மோன் கம்ப்யூட்டருக்குத் தலை துவட்டுறான் பாரு."

"துவட்டினா மட்டும் போதுமா? உச்சியில ராஸ்னாதிப் பொடி வைக்கச் சொல்லு. இல்லேன்னா சளி பிடிக்கும்."

குளித்த பிறகு சளி பிடிக்காமலிருக்க இங்கே குழந்தைகளின் உச்சந்தலையில் தேய்க்கிற பொடி அது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சத்தமில்லாத சிரிப்பு.

ஒரு வியாழக்கிழமை ஒன்றரை மணி நேரமாகியும் எழவில்லை. துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி நேரம் தவறிப்போயிற்று. முதலாளி வந்து நின்றார். அவர் கத்துகிற மனிதர் இல்லை.

மேனேஜர் சேட்டன் சொன்னார்: "இவன் வந்த பிறகுதானே இதெல்லாம். எதையாவது நோண்டியிருப்பான். புது கம்ப்யூட்டர் வாங்கும்போது, இதெல்லாம் தெரிஞ்ச ஒரு ஆளையும் பார்க்கலாம். இவன் மூட்டைக்கு ஸ்டென்சில் அடிக்கட்டும், அப்பனுக்குத் துணையா."

முதலாளி என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை வரைக்கும் பாரு" என்றார்.

மூட்டையில் பெயர் அச்சிடுவது கேவலமான வேலை இல்லை, அதைச் செய்கிறவர்கள் என் சித்தப்பா மாதிரி. ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த அன்று அப்பா தெரு முழுக்கச் சாயா வாங்கிக் கொடுத்திருந்தார். அதைவிட்டு நான் எழுந்து வந்தால் அதே தெருவில் அவர் எப்படி நடப்பார்?

அதுவரை நான் செய்திருந்த உருப்படியான காரியம் ஒரு நோட்டுப் புத்தகம். பாலிடெக்னிக்கில் ஒரு பழக்கம் உண்டு: கோளாறு வந்து வந்து போனால், முதலில் எப்போது வருகிறது என்று எழுது, பிறகு திருப்புளியை எடு. எந்தத் தேதி எழுந்தது, எந்தத் தேதி எழவில்லை, முந்தின நாள் மழை உண்டா இல்லையா என்று மலையாளத்தில் எழுதி வைத்திருந்தேன். தமிழில் வேகமாக எழுத எனக்கு அப்போது வராது. ஈரம்தான் காரணம் என்றால் அந்தக் கணக்கு ஒத்துவர வேண்டும். வரவில்லை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்த மறுநாள் இரண்டு முறை ஒழுங்காக எழுந்திருக்கிறது. ஒரு துளி விழாத நாளுக்கு மறுநாள் எழவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் இடி இடித்தது. அம்மா எழுந்துபோய், ஓடிக்கொண்டிருந்த டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"இன்னும் மழையே வரலையேம்மா" என்றேன்.

"மழைக்கு யாருடா பிடுங்குறா? இடிக்குத்தான்."

இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். துலாம் மாதத்து இடி, கம்பி வழியாக வந்து டிவியைக் கொண்டுபோய்விடும். மழை என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் இடி என்று போட்டு யோசித்துப் பார்த்தேன். ஞாபகமிருந்த நாட்களெல்லாம் பொருந்தின. வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். ஆபீஸில் நாங்கள் கிளம்பிய பிறகும் கடைசி லாரிவரை இருந்து பூட்டுகிறவர் அவர்தான். காலையில் முதலில் திறப்பதும் அவர்தான்.

"இடி இடிச்சா கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குவீங்களாப்பா?"

"பின்னே? எத்தனை விலை கூடின சாமானம். நீ வர்றதுக்கு முன்னாடி திரும்பச் சொருகி, மேசையும் துடைச்சிருவேன்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்னடா? நானா கெடுத்தேன்?"

"இல்லப்பா."

"இனி பிடுங்கல. அதோட சரியாப் போயிரும்ல? யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

உண்மையிலேயே அதோடு சரியாகத்தான் போயிருக்கும். என் நாற்காலியும் மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் செய்தது தப்பென்று நாங்கள் இரண்டு பேருமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். பிளக்கைப் பிடுங்கினால் ஒரு கம்ப்யூட்டர் ஏன் எழக்கூடாது? பிடுங்கத்தானே பிளக் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு சாவியோடு அப்பாவும் நானும் போனோம். முந்தின நாள் இடிக்கு அவர் அங்கே இல்லாததால் பிளக் சொருகியபடியே இருந்தது; பட்டனை அழுத்தியதும் எழுந்தது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்பா மூட்டையில் சாய்ந்து தூங்கினார். பிறகு சொருகி அழுத்தினேன். எழவில்லை. இத்தனை நாளில் அது எழாததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். நினைத்தபோது வரவழைக்க முடிகிற கோளாறு பாதி பிடிபட்ட கோளாறு.

மூடியைத் திறந்தேன். உள்ளே மிளகுத் தூசி. அப்பா ஏழெட்டுத் தும்மல் போட்டார். டிரையரை எடுத்து, இந்தத் தடவை எல்லா இடத்திலும் பிடிக்காமல், சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டியில் மட்டும் பிடித்தேன். எஸ்எம்பிஎஸ் என்பார்கள் அதை. பத்து நிமிஷத்தில் எழுந்தது. அப்படியானால் டிரையர் ஈரத்தைக் காயவைக்கவில்லை, இந்தப் பெட்டியைச் சூடாக்கியிருக்கிறது. பிளக் சொருகியிருக்கும்வரை உள்ளே கொஞ்சம் கரண்ட் ஓடி அது வெதுவெதுப்பாகவே இருக்கும், பிடுங்கினால் ஆறிவிடும். அதன் சல்லடை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றின் தலை நடுவில் உப்பியிருந்தது; கெட்டுப்போன அது சூடானால்தான் வேலை செய்யும்.

"அப்பம் மாதிரி இருக்கு" என்றார் அப்பா, என் தோளுக்கு மேலே குனிந்து.

தோப்பும்படியில் கடை வைத்திருக்கும் என் கூடப் படித்தவன் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று கொடுத்தான். மாற்றினேன். பிளக்கைச் சொருகவில்லை. "நாளைக்கு எல்லாரும் வரட்டும்" என்றேன். அப்பாவுக்குப் பயம்தான், ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். நான் கேட்கவில்லை. எனக்கும் பயம் இருந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா பிடுங்கியதையும் சேர்த்து. மேனேஜர் சேட்டன் பாதியிலேயே, "அப்போ இத்தனை நாள் அண்ணாச்சியோட வேலைதானா இது" என்றார்.

"அவர் செஞ்சது சரி, சேட்டா. இடி நேரத்தில பிடுங்கத்தான் வேணும். பிடுங்கினா எழாத மெஷின்லதான் தப்பு. நேத்துலேருந்து கரண்டே இல்லாம கிடக்கு, பாருங்க." அப்பாவைக் கூப்பிட்டேன். "நீங்களே சொருகுங்கப்பா."

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சொருகினார். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை வெளிச்சமாவதற்குள் ஒரு பத்து நொடி இருக்கும், அந்தப் பத்து நொடியும் அப்பா திரையைப் பார்க்கவில்லை, முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தலையை ஆட்டினார். "லாரிக்குக் காகிதம் எடு" என்றார். அவ்வளவுதான். மேனேஜர் சேட்டன் டிரையரின் ஒயரைச் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். பிறகு, அவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும், "டார்ச் அடிச்சுப் பார்க்கணும்னு எனக்குத் தோணலையே" என்று என்னிடமே சொன்னார்.

வெளியே சாயாக் கடையில் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. கெப்பாசிட்டர் என்ற சொல் அவருக்கு வாயில் நுழையவில்லை. அதை விட்டுவிட்டு, உள்ளே ஒன்று உப்பிக் கிடந்ததையும், அது சூடானால்தான் வேலை செய்யும் என்பதையும், ஈரமே காரணமில்லை என்பதையும் வரிசை பிசகாமல் சொன்னார். யாரோ கேட்டார்கள், "அப்போ அண்ணாச்சி, இனி இடி இடிச்சா?"

"பிடுங்குவேன்" என்றார் அப்பா. "என் மோன் பிடுங்கச் சொல்லியிருக்கான்."