நானாவின் வெள்ளிக் காசுகள்

அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மௌத்தாகி இன்னும் நாற்பதாம் நாள் கத்தம்கூட ஓதவில்லை. தன் மகளின் கல்யாணத்துக்கென்று தபாலில் வாங்கிச் சேர்த்த வெள்ளிக் காசுகளை விட்டுப்போயிருக்கிறார். ஒவ்வொன்றும் தரச் சான்றோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது.

இன்று அக்குறணை நகைக்கடையில் காட்டினேன்.

"பெட்டிய ஒடச்சி, காச உருக்கி, வெறும் வெள்ளி வெலதான் தர ஏலும் தங்கச்சி."

நானா கொடுத்ததில் பாதியும் தேறாது.

விற்ற கொழும்புக் கம்பனிக்கே கோல் எடுத்து, நானா மௌத்து என்றேன். பேசிய பெண் அனுதாபம் சொன்னாள்.

"காசுகளத் திருப்பி எடுப்பீங்களா?"

"நாங்க விக்கிறது மட்டும்தான் மிஸ். ஒங்கட நானா சேருக்கு ஒதுக்கின புதுக் காசு வந்திருக்கு. ஒங்கட பேருக்கு அனுப்பவா?"

போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் மதினி, "எவ்வளவு தருவாங்களாம்?" என்று கேட்கக் காத்திருக்கிறார். ஆறுதல் வேண்டாம். அவரிடம் என்ன சொல்வதென்று மட்டும் யாராவது இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்கள்.