வெறுங்கால்காரர் ஓட்டிப் பார்த்த இரண்டு வண்டிகள்

கார் வாங்கப் போகிறவர்கள் அந்த வட்டாரத்தில் இரண்டு பேரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். ஒன்று வீட்டுக்காரி, இன்னொன்று வெறுங்கால்காரர். வீட்டுக்காரிக்குப் பிடித்துப்போய், வெறுங்கால்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்ட வண்டிகள் எத்தனையோ, வாங்க ஆளில்லாமல் வெயில் காய்ந்துகொண்டு நின்றிருக்கின்றன. அவர் வாய்க்கு அவ்வளவு மரியாதை.

தொழில் அவருக்குக் கார் சீட் தைப்பது. மெயின் ரோட்டில், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில், சொந்தக் கட்டடத்தில் கடை. சொந்தக் கட்டடம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அழுத்தித்தான் சொல்வார். அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து கிடையாது, மாமனார் கொடுத்தது கிடையாது. கூட்டல் கழித்தலோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர், ரெக்சினையும் ஃபோமையும் வெட்டி வெட்டியே மாடி கட்டினார், ஒரே மகளை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தார். இதைத் தானே சொல்லிக்கொண்டால் என்ன தப்பு? உழைத்து மேலே வந்தவன் வாயைத் திறக்காமல் இருந்தால் ஊர் அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடும்.

வண்டி பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் கதவை லேசாகத் தள்ளிவிட்டு அது மூடுகிற சத்தத்தைக் கேட்பார். டேஷ்போர்டைக் கட்டைவிரலால் அமுக்குவார். முன்சீட்டுக்கு எதிரே சில்லறைச் சாமான் வைக்கிற கையுறைப் பெட்டியின் மூடியைத் திறந்து ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் சீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தையலின் முடிச்சைத் தடவுவார். மேலே பளபளப்பதெல்லாம் வேஷம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நூலை எப்படி முடித்திருக்கிறான் என்பதில்தான் வண்டி செய்தவனின் மனசு தெரியும் என்பார். கடைசியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி வண்டியை எடுப்பார். பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வண்டி எங்கே அடி வாங்கியிருக்கிறது எல்லாம் உள்ளங்கால் வழியாக அவருக்கு ஏறிவரும். பேர் வந்தது அப்படித்தான்.

அந்தப் பழக்கமே ஓர் அவமானத்தில் பிறந்தது. வேறொருவரின் சீட் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர் வண்டிகளைக் கடைக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்துவது அவர் வேலை. "உன் செருப்புச் சேறு கார் மேட்ல பட்டுச்சுன்னா, உன்னையே துணியாக்கித் துடைப்பேன்" என்றார் முதலாளி. கழற்றினார். கழற்றின காலுக்குத்தான் வண்டி பேசியது. பின்னால் அந்த முதலாளியே தன் மகனுக்குக் கார் வாங்க இவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று அவர் சொல்ல, "இல்லை முதலாளி, மேட் அழுக்காயிடும்" என்று இவர் கழற்றிய கதையைக் கடைக்கு வருகிற எல்லோரும் குறைந்தது இரண்டு முறை கேட்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட கால் ஒரு நாள் பேச்சை நிறுத்திக்கொண்டது.

முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி. கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தவரை வாசலில் நிறுத்திக் கேட்டாள். "என்னங்க, ஒத்தைச் செருப்போட வர்றீங்க? இன்னொண்ணு எங்க, யாராவது வண்டிக்கு ஸ்டெப்னியா குடுத்துட்டீங்களா?"

குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை, விழுந்ததே தெரியவில்லை.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் மெல்லிய நைலான் இழையால் தொட்டார். "தொடும்போது சொல்லுங்க" என்றார். வெறுங்கால்காரர் காத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றுதான் நினைத்தார்.

"கண்ணைத் திறங்க. முடிச்சுட்டேன்" என்றார் டாக்டர். "சர்க்கரை நரம்பை எடுத்துட்டுது. இனிமே செருப்பில்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. தினமும் பாதத்தைப் பார்க்கணும். வண்டி ஓட்டறதை நிறுத்திடுங்க."

மனைவி மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"என்ன சொல்லுவாரு? இனிப்பைக் குறைக்கச் சொன்னாரு."

டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கால் போனால் வண்டி பார்க்கப் போக முடியாது. வண்டி பார்க்கப் போகாவிட்டால் அவர் சீட் தைக்கிற ஒரு கிழவர், அவ்வளவுதான். பிறகு வண்டி பார்க்கக் கூப்பிட வந்தவர்களிடம் கடையில் வேலை அதிகம் என்று தட்டிக்கழித்தார்.

மகளைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. அவளுக்கு மலைமேல் அணைக்கட்டு வேலையில் பொறுப்பு கிடைத்திருந்தது. சின்னப் பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு தினமும் வளைவுப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். கார் மாதிரி வளைய வேண்டும், ஜீப் மாதிரி உயரமாக இருக்க வேண்டும். காம்பாக்ட் எஸ்யூவி என்று சொல்கிறார்களே, அதுதான் வேண்டும் என்றாள். ஓரிரு வருடம் ஓடிய வண்டிகள் விற்கும் ஷோரூமில் அவளும் கணவனும் இரண்டைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல் நிறம். "நீங்க வந்து சொல்லாம நான் எதையும் எடுக்கமாட்டேன் அப்பா" என்றாள். அதைக் கேட்டதும் மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டாக்டர் சொன்னது எங்கோ போய்விட்டது.

ஷோரூமில் விற்பனைப் பையன்கள் எழுந்து நின்றார்கள். பெரியவர் வந்தால் ஒன்று வியாபாரம் முடியும், இல்லை வண்டியின் மானம் போகும்.

வெள்ளை வண்டியின் கதவு 'தொப்'பென்று கனமாக மூடியது. டேஷ்போர்டு கட்டைவிரலுக்கு விட்டுக்கொடுத்தது, தொட்டால் தோல் மாதிரி இருந்தது. கீழே வெளிர் சந்தன நிறத்தில் மேட்டும் கார்ப்பெட்டும். சாம்பல் வண்டியில் எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக். கையுறைப் பெட்டி மூடி அப்பளம் மாதிரி ஆடியது. ஆனால் சீட்டுக்கு அடியில் விரலை விட்டவர் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"வெள்ளையில சீட்டு பஞ்சு மெத்தை. முதல் அரை மணி சொர்க்கம், மலை ஏறி இறங்கினா இடுப்பு கழண்டுரும். சாம்பல்ல ஃபோம் கெட்டி, தையல் ரெட்டை முடிச்சு. பிளாஸ்டிக் கிழடு தட்டினாலும் சீட்டு நிக்கும்."

பிறகு செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஷோரூமைச் சுற்றி ஒவ்வொரு தடவை ஓட்டி வந்தார். வெள்ளையில் ஸ்டீயரிங் தண்ணீரைக் கலக்குகிற மாதிரி லேசாக இருக்கிறது, சக்கரம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியவில்லை என்றார். வளைவில் அதன் உடம்பு சாய்கிறது, சாம்பல் வண்டி பள்ளத்தில் விழுந்தாலும் ஒரே குதியில் அடங்கிவிடுகிறது என்றார். எல்லாம் கையும் முதுகும் இடுப்பும் சொன்னவை. எல்லாம் சரி.

மருமகன் அதிகம் பேசாத ஆள், ஆடிட்டர் ஆபீஸில் வேலை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "மாமா, நான் ஓட்டிப் பார்த்தப்ப வெள்ளையில பிரேக் ரொம்ப உள்ள போச்சு. மிதிச்சு ஒரு மூச்சு விட்டப்புறம்தான் பிடிக்குது. எனக்குத் தோணினதைச் சொல்றேன்."

வெறுங்கால்காரர் மருமகனின் காலைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்க ஷூவோட அடி எவ்வளவு தடிமன்னு பாருங்க. அதைப் போட்டுக்கிட்டு பிரேக் தெரியுதுங்கறது, கம்பளியைச் சுத்திக்கிட்டு பிள்ளைக்கு ஜுரம் தொட்டுப் பார்க்கிற மாதிரி."

பையன்கள் சிரித்தார்கள். மருமகனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"பிரேக் ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வெறுங்கால்காரர்.

"பிரேக் ஒண்ணுதான்னா வெள்ளையே எடுத்துக்கறேன் அப்பா" என்றாள் மகள். "சீட்டை நீங்க மாத்திக் குடுத்துடுவீங்க. உள்ள எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, அதுல உட்கார்ந்தாலே மனசு நல்லா இருக்கு."

அவர் வெள்ளை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மலைப்பாதை கண்ணுக்கு முன்னால் வந்தது, பின்சீட்டில் பேத்தி. எனக்குக் கால் மரத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையன்கள் இன்னும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். மருமகன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரு, வெள்ளையை இன்னொரு தடவை ஓட்டிடறேன். ரோட்டுல போகணும்" என்றார். மனசை ஒருமுகப்படுத்தினால் கால் ஏதாவது சொல்லும் என்று நம்பினார்.

மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மெயின் ரோடு இறக்கத்தில் போனது. இரண்டு முறை அவர் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அப்பா, ரோட்டைப் பாருங்க."

அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது அவர் சொன்ன முதல் பாடமே அதுதான்: காலைப் பார்க்கிறவன் கீழே இறங்கி நடக்கட்டும்.

சிக்னலில் லாரிக்குப் பின்னால் நின்றார்கள். தானியங்கி கியர் வண்டி அது, காலை எடுத்தால் தானே ஊர்ந்து போகும். பிரேக்மேல் கால் இருப்பதாக அவர் நினைத்தார்.

"அப்பா, வண்டி நகருது."

"நாம நிக்கறோம்மா. லாரிக்காரன் பின்னால வர்றான்."

"அப்பா!"

கனமான சத்தம் ஒன்று கேட்டது. மகள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டியின் முகப்புதான் நசுங்கியது. டிரைவர் இறங்கி வந்து பெரியவரின் வயதைப் பார்த்துவிட்டு, திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டு போனார்.

அப்போதுதான் மகள் கீழே பார்த்தாள். சந்தன நிற மேட்டில், பெடலுக்கு அடியில், ஈரமான சிவப்புக் கறை. பெடலிலும் இருந்தது. அவள் இறங்கிச் சுற்றி வந்து, ரோட்டிலேயே முட்டி போட்டு அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கம்பி ஊசி ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. பழைய சீட்டுத் துணியைப் பிரிக்கும்போது தெறிக்குமே, அந்தக் கம்பி. அவருடைய கடைத் தரையிலிருந்து வந்தது. சுற்றிலும் சதை கறுத்திருந்தது. இன்றைக்கு ஏறியது இல்லை.

அவள் பிடுங்கினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினாள்.

"வலிக்கலையா?"

"எது?" என்றார்.

அவள் அழுதது அப்போதுதான்.

ஷோரூமுக்கு அவளே ஓட்டி வந்தாள். பையன்கள் நசுங்கிய முகப்பையும் கறைபட்ட மேட்டையும் பார்த்தார்கள். மருமகன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மாமனார் காலைத் துடைத்துக் கட்டினார். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏதாவது குத்திக்காட்டியிருந்தால் வெறுங்கால்காரர் தாங்கியிருப்பார்.

ஆஸ்பத்திரியில் விரலில் வெட்ட ஆரம்பித்தார்கள், முழங்காலுக்குக் கீழே வந்து நிறுத்தினார்கள்.

"டாக்டர் உங்ககிட்ட முன்னாடியே சொன்னாரா, இல்லையா?" கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி கேட்டாள்.

"சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பே."

"ஒளிச்சுத்தான் வெச்சிருப்பேன். காலாவது இருந்திருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு அழைத்துப் போக மகள் வந்தாள். வாசலில் சாம்பல் வண்டி நின்றது. இவரைக் கேட்காமல் வாங்கியிருந்தாள். மருமகனும் ஒரு வார்டு பையனும் தூக்கி முன்சீட்டில் வைத்தார்கள். மருமகனும் மனைவியும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வெட்டப்பட்ட காலின் பேண்ட் துணியை மனைவி மடித்து ஊக்கு குத்தியிருந்தாள்.

மகள் கதவைத் திறந்தாள். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி, அப்பா வைக்கிற மாதிரியே ஓரமாக வைத்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க சொன்னது நிஜம்தான் அப்பா. நேத்து இப்படி ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கிறது உள்ளங்கால்லயே தெரியுது. நீங்க இல்லாட்டியும் நான்..."

"செருப்பைப் போடு" என்றார்.

"அப்பா, சும்மா கொஞ்ச தூரம்..."

"செருப்பைப் போட்டுட்டு வண்டியை எடு."

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. குனிந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினாள். வண்டி நகர்ந்தது. பள்ளத்தில் விழுந்து ஒரே குதியில் அடங்கியது. கையுறைப் பெட்டியின் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தது. வீடு வருகிறவரைக்கும் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.