சவுக்காரம் போட்ட கால்

பாதத்தில் சவுக்காரத்தை அழுத்தித் தேய்த்து, போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி, நுரை கிளம்பியதும் கஜேந்திரன் அப்படியே வண்டிக்குள் ஏறி உட்காருகிறார். நேற்றுத்தான் உள்ளே எல்லாம் துடைத்துக் கொண்டுவந்த கார்க்காரருக்கு உயிரே போகிறது. கஜேந்திரன் அதையெல்லாம் கவனிக்கிற ஆளில்லை. புதிதாகப் பூட்டிய பிரேக் பெடலை நுரைக் காலால் மிதிக்கிறார், விடுகிறார், மறுபடி மிதிக்கிறார். உதடு அசைவதைப் பார்த்தால் எண்ணுகிறார் என்று தெரியும். கணக்கு நூறு வரைக்கும் போகும். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவார். அதனால் றக்வானையில் அவரைத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் வாய் திறப்பதில்லை.

“கார் வேல செய்றீங்களா, காரக் குளிப்பாட்டுறீங்களா?” என்று கேட்காத ஆளில்லை. அதற்கு அவரிடம் ஒரே பதில்தான்.

“நம்ம மலையில மழைக்குள்ள நடந்துட்டு வர்றவன் கால்ல என்ன இருக்கும்? சேறு இருக்கும், அட்டை கடிக்காமப் பூசுன சவுக்காரம் இருக்கும். அந்தக் காலோடதான் வண்டியில ஏறுவான். செருப்பக் கழட்டிக் கதவோரம் வச்சிட்டு வெறுங்காலால ஓட்டுற ஊருங்க இது.”

பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே, மூன்று பக்கம் தகரமும் நாலாவது பக்கம் தெருவுமாக இருப்பதுதான் அவருடைய பட்டறை. கியர் வண்டிகளின் மூன்று பெடலிலும் தேய்ந்துபோன ரப்பரைக் கழற்றிவிட்டு, அளவெடுத்து வெட்டிய உலோகத் தகட்டைப் பூட்டிக் கொடுப்பது தொழில். கொழும்பிலிருந்து இதே சாமான் பெட்டியில் ஆயத்தமாகவும் வருகிறது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அதன் மேல் எழுதியிருக்கும். எல்லா வண்டியிலும் கழன்று விழும் என்று கஜேந்திரன் அதை வாசித்துக் காட்டுவார்.

அவர் வெட்டுவது அலுமினியத் தகடு. துளை போட்டு, துளைக்கொரு ரப்பர்க் குமிழ் பதித்து, பெடலோடு சேர்த்து நட்டு முறுக்குவார். கடைசி முறுக்கை வேறு யாரும் தொடக்கூடாது. அரம் பிடிக்கிற கை, தேயிலைப் பெக்டரியின் பட்டறையில் பதினொரு வருடம் பழகிய கை. தகட்டின் விளிம்பை ராவி முடித்ததும் அதைத் தன் புறங்கையில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். கீறினால் மறுபடி அரம்; கீறாவிட்டால்தான் வண்டிக்குப் போகும்.

இரத்தினபுரியிலிருந்து மாணிக்கக்கல் வியாபாரி ஒருவர் வந்து, முகம் பார்க்கிற மாதிரிப் பளபளப்பாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். “பளபளப்பெல்லாம் உங்கட கல்லில் இருக்கட்டும் மாத்தயா, பெடலில் வேண்டாம்” என்று சுத்தமான சிங்களத்தில் சொல்லிவிட்டு, கஜேந்திரன் அவர் கண் முன்னாலேயே தகட்டை மண்கடதாசியால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து மங்கலாக்கினார். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் மச்சானுடைய காரையும் அவரே கொண்டுவந்தார்.

வண்டி வந்து நின்றதும் கஜேந்திரன் வாயிலிருந்து வருகிற முதல் சொல், “மொதல்ல காலக் காட்டுங்க” என்பதுதான். செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் சோக் தூள் பூசி, பெடலில் ஒட்டிய கறுப்பு அட்டையில் மிதிக்கச் சொல்வார். எங்கே குதி படுகிறது, எங்கே விரல் அழுத்துகிறது என்பதெல்லாம் அதில் வெள்ளையாக விழும். பெரிய மனிதர்களுக்கு இது பெரிய சங்கடம். இன்னொருவர் குனிந்து தங்கள் காலைப் பிடிப்பதைப் பார்த்து நெளிவார்கள். கஜேந்திரன் நெளிவதில்லை.

இவ்வளவு பத்தியம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. ஏழு வருடத்துக்கு முன் அவரும் பளபளப்புப் பைத்தியம்தான். தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாகப் புடவை கொண்டுபோய் விற்கும் புவாட்டின் காருக்கு, கண்ணாடி போன்ற சில்வர் தகட்டில் மூன்று பெடலும் போட்டுக் கொடுத்தார். நகை மாதிரி இருந்தது. அடுத்த வாரம் புவாட், அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை சவுக்காரம் பூசிக்கொண்டு மழைக்குள் லயத்துக்கு நடந்தார். திரும்பி வந்து, காலைத் துடைக்காமல் வண்டியை எடுத்தார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்த கால் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கார் தேயிலைக்குள் இறங்கியது. புடவைகள் செடிக்குச் செடி விரிந்து கிடந்தன. புவாட்டுக்கு வலது கை முறிந்தது.

கை கூடியதும் அவர் நேராகப் பட்டறைக்குத்தான் வந்தார். “ஒங்கட பிழை இல்ல மச்சான். சவுக்காரம் பூசின நான்தானே” என்றார். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். அவர் கோபப்பட்டிருந்தால் கஜேந்திரனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து, அரமும் ஸ்பானரும் கிடக்கிற ஆயுதப் பெட்டியில் ஒரு சவுக்காரக் கட்டி. கூடவே ஒரு வைராக்கியம். பிரேக்கிலும் கிளச்சிலும் பழைய ரப்பரின் உயரத்துக்கு மேல் ஒரு நூலளவும் ஏற்றிப் பூட்டுவதில்லை. உயரம் கூடக் கூடக் கால் வழுக்குவது சுலபம் என்பது அவர் கணக்கு.

அந்த வைராக்கியத்துக்குச் சோதனையாகப் போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஜீவராணி வந்தார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராக்களுக்குப் பொறுப்பானவர். தாய்மார் கொழுந்துக்குப் போகிற நேரம் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்தக் காம்பராக்கள் மூன்று டிவிஷனில் மூன்று இருந்தன. மேல் டிவிஷனுக்கு பஸ் கிடையாது. நடந்து ஏற ஜீவராணியின் காலுக்கு முடியாமல் போய், அங்கே காம்பராவைப் பூட்டி நான்கு மாதமாகிவிட்டது. பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகிற மூத்ததை மறித்து வீட்டில் வைக்கிறவர்களுமாக மேல் டிவிஷன் இருந்தது. அதற்காகத்தான் அவருடைய புருஷன் சதீஸ் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஜீவராணி லைசனும் எடுத்தார். மேலே போகிற வழியில் மூன்றாம் முடக்கு என்று ஒரு வளைவு இருக்கிறது. அங்கே எதிரே லொறி வந்தால் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். இரண்டு தடவை நிறுத்தினார். இரண்டு தடவையும் கார் பின்னால் உருண்டு, மழைத்தண்ணீர் ஓடுகிற ரோட்டோரக் கானுக்குக் கிட்டப் போய் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த சதீஸ், இந்தக் காரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரை விற்றுவிடலாம் என்று முடிவாகி, அந்த வார ஞாயிறு பின்னேரம் பலாங்கொடையிலிருந்து வாங்குகிற ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் ஒரு வழி தேடித்தான் ஜீவராணி பட்டறைக்கு வந்திருந்தார்.

“கிளச்சு முழுசா எறங்க மாட்டேங்குதுங்க” என்றார் ஜீவராணி.

“மொதல்ல காலக் காட்டுங்க டீச்சர்” என்று சொன்ன பிறகுதான் கஜேந்திரன் கவனித்தார். ஜீவராணியின் இடது சப்பாத்தின் அடி, வலதைவிட இரண்டு அங்குலம் தடிப்பாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜீவராணி சற்று நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு குனிந்து, சப்பாத்தின் வாரை அவிழ்த்தார். அந்தக் காலை அவர் வெளியாளுக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை என்று சதீஸ் பின்னால் சொன்னார்.

சப்பாத்தோடு மிதித்தால் பெடலை உணர முடியவில்லை. வெறுங்காலால் மிதித்தால் எட்டவில்லை. சீட்டை முன்னுக்குத் தள்ளினால் வலது முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. கிளச்சை இரண்டு அங்குலம் ஏற்றிப் பூட்டினால் தீர்ந்தது. கஜேந்திரன் தலையை ஆட்டினார்.

“அந்த வேல நான் செய்றதில்லீங்க டீச்சர். ஒருத்தரு கைய முறிச்சது போதும்.”

“எனக்குக் கால் நீளமா வேணாண்ணே. பெடல் கிட்ட வந்தாப் போதும்” என்றார் ஜீவராணி. குரலில் கெஞ்சல் இல்லை. சாமான் கடையில் சாமான் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். கஜேந்திரன் சோக் தூளை எடுத்தார்.

கறுப்பு அட்டையில் விழுந்த அச்சைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. பாதம் முழுதாக விழவில்லை. வெளிப்பக்க ஓரம் மட்டும் பிறை மாதிரி விழுந்திருந்தது. தட்டையாக எவ்வளவு ஏற்றினாலும் இந்தக் கால் நிற்காது என்று புரிந்தது. முதலில் பலா மரத்தில் ஒரு கட்டை செதுக்கிப் பார்த்தார். கால் இடது பக்கம் சரிந்தது. இரண்டாவது கட்டையை ஒரு பக்கம் சாய்வாகச் செதுக்கினார். நின்றது. அந்தச் சாய்வை அப்படியே அலுமினியத்தில் பெட்டியாக மடித்து, கால் வெளியே போகாதபடி இடது விளிம்பில் விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு வைத்து, பெடலை ஊடுருவி நான்கு போல்ட் போட்டார். அதற்குள் வெள்ளிக்கிழமையாகிவிட்டது.

பிறகு வழக்கம்போலச் சவுக்காரம். காலை நுரைத்துக்கொண்டு ஏறினார். மிதித்தார், வழுக்கியது. இன்னொரு தடவை மிதித்தார், அப்போதும் வழுக்கியது. பத்துத் தடவையில் எட்டுத் தடவை கால் வலது பக்கம் ஓடியது. கஜேந்திரன் வண்டியை விட்டு இறங்கி, ஸ்பானரைக் கையில் எடுத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“மன்னிச்சிக்கங்க டீச்சர். கழட்டிர்றேன். இதப் பூட்டி ஒங்கள மலைக்கு அனுப்ப என்னால ஏலாது.”

ஜீவராணி ஸ்பானரைப் பார்க்கவில்லை. வண்டியின் பெடலையும், கஜேந்திரனின் அகன்ற, தட்டையான பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, இது எங்காலுக்கு வெட்டினது. ஒங்க கால் அதுல வழுக்குனா, சரியாத்தான் வெட்டியிருக்கீங்க.”

சொல்லிக்கொண்டே சவுக்காரக் கட்டியைத் தானே எடுத்துத் தன் இடது பாதத்தில் தேய்த்தார். ஏழு வருடமாக ஊரார் காலுக்கெல்லாம் தன் காலையே சாட்சி வைத்துக்கொண்டிருந்த மனிதர் ஒதுங்கி நின்றார். ஜீவராணி மிதிக்க மிதிக்க, எண்ணுவது மட்டும் அவர் வேலையாயிற்று. இருபது, முப்பது. கால் அசையவில்லை. எழுபதில் வழக்கத்தை மறந்து அவரே வாய் திறந்துவிட்டார்.

“வலிக்குதுங்களா டீச்சர்?”

“எண்ணுங்கண்ணே.”

நூறில் ஜீவராணி நிறுத்தியபோது நெற்றியெல்லாம் வேர்வை. கால் வரப்பை ஒட்டி, வைத்த இடத்தில் இருந்தது. கஜேந்திரன் குனிந்து நான்கு நட்டையும் கடைசி முறுக்கு முறுக்கினார்.

ஞாயிறு காலை மூன்றாம் முடக்குக்கு அவரும் போனார். முதல் நாள் பெய்த மழையில் தார் ஈரமாக இருந்தது. ஏற்றம் செங்குத்தாகிற இடத்தில் ஜீவராணி வேண்டுமென்றே காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார். சதீஸ் ஓடிப்போய் ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சில்லுக்கு அடியில் வைத்தார்.

“கல்ல எடுத்திருங்க தம்பி” என்றார் கஜேந்திரன்.

“உருண்டுச்சுன்னா என்னண்ணே செய்றது? ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“கல்லு இருக்குன்னு தெரிஞ்சா அவங்க கால நம்ப மாட்டாங்க. கல்லத்தான் நம்புவாங்க.”

சதீஸ் நகரவில்லை. வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், விற்கச் சொன்னதும் அவர்தான். இரண்டும் பிரியத்தில் செய்ததுதான். கஜேந்திரன் குனிந்து தானே அந்தக் கல்லை எடுத்துக் கானுக்குள் போட்டார். போட்டுவிட்டு ஓரத்துக்கு வரவில்லை. காருக்கு நேர் பின்னால், நடு ரோட்டில் போய் நின்றார். உள்ளே, பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஜீவராணியின் கண்கள் தெரிந்தன. அவர் நிற்பதை அந்தக் கண்கள் பார்த்துவிட்டன.

“அண்ணே, தள்ளி நில்லுங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நான் இங்கதான் நிக்கிறேன் டீச்சர். நீங்க போங்க.”

கஜேந்திரன் வலது கையைக் காரின் பின்பக்கம் பட்டும் படாமலும் வைத்தார். கைப்பிரேக் இறங்குகிற சத்தம் கேட்டது. எஞ்சின் கனத்தது. ஒரு கணம் கார் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பிறகு அவர் உள்ளங்கையை விட்டு மெல்லப் பிரிந்து, முடக்கைத் திரும்பி மேலே ஏறிப் போனது. சத்தம் அடங்கிய பிறகும் அவர் கை வைத்த உயரத்திலேயே நீட்டியபடி இருந்தது.